தவிட்டுக்குப் போன சேதுலட்சுமி

“ஞாயித்துக்கிழமை,” என்றாள் சேதுலட்சுமி.

“எனக்கு முன்னால கேட்டவருக்கும் ஞாயித்துக்கிழமைன்னுதானே பாப்பா சொன்னே?” என்றார் தலைப்பாகை கட்டியவர்.

“அவரும் ஞாயித்துக்கிழமைதான்.”

“அதுக்கு முன்னால அந்த அம்மாவுக்கு?”

“அவங்களும்தான்.”

“நான் வெள்ளிக்கிழமை பொறந்தவன். ஜாதகத்துல எழுதியிருக்கு.”

“அப்ப எதுக்கு என்னையக் கேக்குறீங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கூத்தையாவுக்குக் கை நழுவியது. சூடான காப்பி டம்ளரில் விழாமல் அவருடைய பாதத்தில் விழுந்தது. அவருக்கு அது சுடக்கூட இல்லை. மகள் தப்பாகச் சொன்னாள் என்ற அதிர்ச்சியில் நின்றுகொண்டிருந்தார்.

பாம்பன் ஸ்டேஷனுக்கு எதிரே கூத்தையாவின் காப்பிக்கடை. இராமேஸ்வரம் போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். அந்த வண்டி வருகிறவரை அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. காப்பி குடிப்பார்கள், வெயிலைத் திட்டுவார்கள். இப்போது கொஞ்ச காலமாகக் கூத்தையாவின் மகளிடம் தாங்கள் பிறந்த கிழமையைக் கேட்டார்கள். இங்கிலீஷ் தேதி, மாதம், வருஷத்தைச் சொன்னால் போதும்; சேதுலட்சுமி ஒரு நொடி மேலே பார்ப்பாள், கிழமையைச் சொல்லிவிடுவாள். நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் பிறந்த குழந்தை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துத் தானாகவே எதையோ கண்டுபிடித்துக்கொண்டாள். காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரில் ‘கிழமைப் பாப்பா கடை’ என்றே பேராகிவிட்டது.

இன்றுவரை அவள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

கூத்தையா அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனார்.

“ஏத்தா, ஒனக்கு என்ன செய்யுது?”

“வயிறு வலிக்குதுய்யா.”

“வயிறு வலிச்சா எல்லாரும் ஞாயித்துக்கிழமையா பொறந்துருவாங்க?”

“ஞாயித்துக்கிழமை பொறந்தா நல்லதுதானேய்யா. அன்னைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எல்லாரும் விளையாடுவாங்க.”

“சரி, விளையாடலாம். இப்ப அந்தத் தலைப்பாகைக்காரருக்கு மட்டும் சரியாச் சொல்லிட்டு வந்துரு. என் தங்கம்ல.”

தங்கம் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தது.

அவர் மனைவி உமையாள் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள்.

“பாருங்க, எலும்பும் தோலுமா ஆயிருச்சு. சோறு இறங்க மாட்டேங்குது. தூக்கத்துலகூட யாருக்கோ கிழமை சொல்லிக்கிட்டுக் கிடக்குது.”

“சரியாச் சொல்லுதா?”

உமையாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஒங்க வீட்டுல வந்து கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருக்கேன்?”

மறுநாளே கூத்தையா தலைமையாசிரியர் வீரபத்திரனிடம் போனார். விஷயத்தைக் கேட்ட வீரபத்திரன், இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோலச் சிரித்தார்.

“மூணாவது பாடம் ஒம் மகளுக்குப் பத்தலை. வயிறு பசிச்சாலும் வலிக்கும், மூளை பசிச்சாலும் வலிக்கும். தூக்கி அஞ்சாவதுல போட்டுருவோம். நானே பாடம் எடுக்குறேன். எல்லாம் சரியாப் போயிரும்.”

கூத்தையா அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை தூக்கலாகப் போட்டார். அந்த வாரம் முடிவதற்குள் வீரபத்திரன் கடை வாசலில் வந்து நின்றார்.

“கூத்தையா, ஒம் மகளைப் பழைய வகுப்புக்கே கூட்டிட்டுப் போயிரு.”

“ஏன் சார், படிக்கலையா?”

“படிக்குது. என்னையும் படிக்கச் சொல்லுது.”

“சார்!”

“கரும்பலகையில நான் போட்ட கணக்கைப் பார்த்து, ‘சார், அடியில விடை சரியா இருக்கு, மேல கணக்குதான் தப்பா இருக்கு’ங்குது. அம்புட்டுப் பயலுகளும் சிரிக்குறான். வெளிய நிக்கச் சொன்னேன். நின்னுச்சு. ஜன்னல் வழியா அடுத்த கணக்குலயும் தப்புச் சொல்லுது.”

“கணக்கு தப்பா இருந்துச்சா சார்?”

“அது இப்ப முக்கியமா?” என்று கேட்டுவிட்டு வீரபத்திரன் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஐந்தாம் வகுப்பில் கால் தரையைத் தொடாத பெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தவளைப் பெரிய பிள்ளைகள் ‘கிழமைக் கிழவி’ என்று கூப்பிட்டார்களாம். மூன்றாம் வகுப்புக்குத் திரும்பியதும் அங்கே இருந்தவர்கள் ‘பெயிலாகி வந்தவ’ என்று கூப்பிட்டார்கள். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. வயிற்றுவலி இரண்டு பங்கு ஆனது.

“சேர்க்கை இல்லாம இருக்கு. அதான் காரணம்,” என்றார் கூத்தையா. “நான் கூட்டிட்டு வாரேன் பாரு.”

தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பஜ்ஜி கொடுத்துக் கடைக்குப் பின்னால் கூட்டி வந்தார். பாண்டி விளையாடக் கட்டம் கிழித்தும் கொடுத்தார். கொடுத்தவர் அத்தோடு போயிருக்கலாம். ஓரமாக நின்று, “விடாதே சேது! எல்லாரையும் ஜெயிச்சுக் காட்டு! நீ யாரு மகள்னு காட்டு!” என்று சத்தம் போட்டார். சத்தத்தைக் கேட்டு ரயிலடியில் நின்றவர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். “அட, இதுதானா அந்தக் கிழமைப் பாப்பா? எங்க, எனக்குச் சொல்லு பார்ப்போம்,” என்றார் ஒருவர். பிள்ளைகள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். சேதுலட்சுமி ஒற்றைக் காலில் நின்றபடியே கட்டத்துக்குள் அழுதாள்.

தான் எது செய்தாலும் பிள்ளைக்கு அது விஷமாகிறதே என்று கூத்தையாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரே பிள்ளை. உமையாள் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை.

அந்த நேரத்தில்தான் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காப்பி குடிக்க வந்தாள் முத்தழகு. கருவாடு விற்பது அவளுடைய தொழில். சோழி போட்டுப் பார்த்துக் குறி சொல்வது உபதொழில்.

“என்ன கூத்தையா, மூஞ்சி இப்படிக் கிடக்கு?”

“எம் புள்ளைக்கு ஒண்ணும் சரியில்லக்கா.”

முத்தழகு சேலை முடிச்சை அவிழ்த்துச் சோழிகளை எடுத்தாள். குலுக்கிப் பெஞ்சில் போட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

“கண்ணு.”

“உமையா தினம் உப்பும் மிளகாயும் சுத்திப் போடுறாளேக்கா.”

“இது உள்ளூர்க் கண்ணா இருந்தா மிளகாய்க்கு அடங்கும். இது ரயிலேறி வந்த கண்ணு. காசிக் கண்ணு, கல்கத்தாக் கண்ணு. புள்ளையைத் தவிட்டுக்கு வித்துரு.”

உமையாள் நெஞ்சில் கை வைத்தாள். அந்தப் பக்கத்தில் நடக்கிற வழக்கம்தான் அது. கண்பட்ட பிள்ளையை, சீக்குப் பிள்ளையை, ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால், தேடி வருகிற கெட்டது ஏமாந்து போய்விடும். விற்ற கையோடு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்து வழக்கம்போல வளர்ப்பார்கள். பெயருக்குத்தான் விற்பனை.

“யாருக்கு விக்கிறது?” என்றார் கூத்தையா.

முத்தழகு மறுபடி சோழியைப் பார்த்தாள்.

“புள்ளைக நிறைய இருக்கிற வீடா இருக்கணும். எது எங்க இருக்குன்னு ஆத்தாளுக்கே தெரியாத வீடா இருக்கணும். கிணத்தடியில ஒரு முருங்கை. வாசல்ல ஒரு வள்ளம், கவுத்துப் போட்டது.”

“மஜீதா வீடு!” என்று கூவினார் கூத்தையா. “அக்கா, சோழி வள்ளத்தைக்கூடவா சொல்லும்?”

“கவுத்துப் போட்டதுன்னும் சொல்லுது,” என்றாள் முத்தழகு, காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

மஜீதாவின் கணவர் மதார் கடலுக்குப் போகிறவர். இரண்டு தெரு தள்ளி வீடு. விஷயத்தைச் சொன்னதும் மஜீதா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, எங்க வீட்டுல உள்ளதுகளையே எவளாவது தவிட்டுக்கு வாங்கிக்க மாட்டாளான்னு அல்லாகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இதுல நீங்க வேற!”

“பேருக்குத்தான் மஜீதா. ஒரு நிமிஷ வேலை. புள்ளை பொழைச்சுப் போகும்.”

“பொழைக்கும்னா சரி. கொண்டாங்க.”

நெல் புடைக்கிற சொளகில் பிள்ளையை உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது முறை. பச்சைக் குழந்தைக்கு ஏற்பட்ட முறை. சேதுலட்சுமியின் காலும் கையும் சொளகுக்கு வெளியே தொங்கின. அவள் பெரிய கண்களால் அப்பாவைப் பார்த்தாள்.

“என்னைய விக்கிறீங்களாய்யா?”

கூத்தையா வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். உமையாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மஜீதா “பிஸ்மில்லா” என்று சொல்லி ஒரு படி தவிட்டை அவர் துண்டில் கொட்டினாள்.

“இனிமே இது எம் புள்ளை.”

“முடிஞ்சுது,” என்றார் கூத்தையா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எந்திரித்தா, வீட்டுக்குப் போவோம்.”

“எந்த வீட்டுக்கு?”

“நம்ம வீட்டுக்கு.”

“இதுதானேய்யா என் வீடு? இப்பத்தானே வித்தீங்க?”

“ஏத்தா, அது பேருக்கு!”

“பேருக்கு வித்தா கண்ணும் பேருக்குத்தானேய்யா போகும்?”

கூத்தையா உமையாளைப் பார்த்தார். உமையாள் மஜீதாவைப் பார்த்தாள். அதற்குள் சேதுலட்சுமி சொளகிலிருந்து எழுந்து பாவாடையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டு, “உம்மா, நான் எங்கன படுக்கணும்?” என்று கேட்டபடி உள்ளே போய்விட்டாள்.

“உம்மாவா!” என்றார் கூத்தையா.

“இன்னைக்கு ஒரு ராத்திரி கிடக்கட்டும்ணே,” என்றாள் மஜீதா. “புள்ளை சொல்றதுலயும் நியாயம் இருக்கு.”

ஒரு ராத்திரி ஒரு வாரமானது. துண்டில் கட்டி வந்த தவிட்டைக் கூத்தையா மாட்டுக்கு வைத்தார். “மகளை வித்த தவிட்டையா மாட்டுக்கு வைக்கிறீங்க?” என்று உமையாள் பதறினாள். “அதுக்காக மாடு பட்டினியாக் கிடக்கணுமா?” என்றார் அவர்.

கடைக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“எங்கப்பா அந்தக் கிழமைப் பாப்பா?”

பாலைக் காய்ச்சிக்கொண்டு வேறு நினைப்பில் இருந்த கூத்தையா, “வித்துட்டேங்க,” என்றார்.

கேட்டவர் டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பேரக்குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“எதை வித்தே?”

“மகளைத்தான்.”

“பெத்த மகளையா?”

“ஒரு படி தவிட்டுக்கு,” என்றார் கூத்தையா பெருமூச்சோடு.

பெஞ்சு ஒரே நேரத்தில் காலியானது. கொஞ்ச நேரத்தில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு வந்தார். அவருக்குப் பின்னால் இராமேஸ்வரம் போகவேண்டிய கூட்டம் வண்டியை மறந்துவிட்டு நின்றது.

“ஏலே, புள்ளையை வித்தியாமே?”

“ஆமாங்கய்யா. இல்லீங்கய்யா. தவிட்டுக்குங்கய்யா.”

போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“போங்க, போங்க, எல்லாரும் வண்டியைப் பாருங்க. இதுக்கா என்னையக் கூப்பிட்டீங்க? என் பேரே தவிட்டுச்சாமி!”

கூட்டம் கலைந்தது. கூத்தையா அவருக்கு இலவசமாகக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டுத் தவிட்டுச்சாமி மெதுவாகக் கேட்டார்:

“புள்ளை எப்ப வீட்டுக்கு வருது?”

“வர மாட்டேங்குதுங்க.”

“வர மாட்டேங்குதா?” போலீஸ்காரருக்கே அதிர்ச்சி. “நான் அன்னைக்கே திரும்பி வந்துட்டேனேய்யா!”

அன்றைக்குச் சாயங்காலம் கூத்தையா ஒரு படிக்கு ரெண்டு படியாகத் தவிடு வாங்கிக்கொண்டு மஜீதா வீட்டுக்குப் போனார். முருங்கை மரத்தடியில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து சொட்டாங்கல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சேதுலட்சுமி கல்லை மேலே போட்டாள். அது அவள் கைக்குத் தப்பி, தலையில் விழுந்து, கோழி மேல் உருண்டது.

“ஏ மண்டு! மண்டு! ஒனக்கு எத்தனை தடவைடி சொல்றது!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் மஜீதாவின் மகள் நஃபீசா.

கூத்தையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏ புள்ளே! யாரைப் பார்த்து மண்டுங்குறே? கல்கத்தாக்காரன் கையெடுத்துக் கும்பிட்ட புள்ளை இது!”

“கும்பிட்டா என்ன மாமா? கல்லுப் பிடிக்கத் தெரியலியே,” என்றாள் நஃபீசா.

“ஆமாய்யா,” என்றாள் சேதுலட்சுமி. “எனக்குத் தெரியவே இல்லை. நல்லா இருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று கூத்தையாவுக்குத் தெரியாது. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருப்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

“வயிறு வலிக்குதாத்தா?”

“எந்த வயிறு?”

மஜீதா உள்ளிருந்து கரண்டியோடு வந்தாள்.

“அண்ணே, நான் இவகிட்ட ஒண்ணுமே கேக்குறதில்லை. சாப்பிட்டியான்னு மட்டும் கேப்பேன். அதுக்குக்கூடப் பதில் வராது. தட்டுதான் நீளும்.”

கூத்தையா தவிட்டை முன்னால் வைத்தார்.

“மஜீதா, ரெண்டு படி இருக்கு. புள்ளையைத் திருப்பிக் குடுத்துரு.”

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்கண்ணே.”

“நில்லுங்கய்யா,” என்றாள் சேதுலட்சுமி. “இது எந்தத் தவிடு?”

“நம்ம கடைத்தெருவுல வாங்குன தவிடு.”

“அன்னைக்கு உம்மா குடுத்த தவிடு எங்க?”

“மாடு தின்னுருச்சு.”

“வாங்குனதைத் திருப்பிக் குடுத்தாத்தானேய்யா வியாபாரம் முறியும்? இது வேற தவிடுல்ல?”

“ஏத்தா, தவிட்டுல வேற தவிடு என்ன?”

“தின்ன மாடு பால் குடுத்துச்சா?”

“குடுத்துச்சு.”

“அந்தப் பாலை என்ன செஞ்சீங்க?”

“காப்பி போட்டேன்.”

“காப்பியைக் குடிச்சவங்க?”

“பாதிப் பேரு தனுஷ்கோடி போனாங்க. கப்பலுக்கு.”

“அப்ப உம்மாவோட தவிடு சிலோன் போயிருச்சு,” என்றாள் சேதுலட்சுமி. “எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?”

சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனையும் கூத்தையாவையே பார்த்தன. அவர் ரெண்டு படித் தவிட்டையும் மஜீதாவின் ஆட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

“இது மஜீதா வேலை,” என்றார் உமையாளிடம். “அவதான் புள்ளையை மயக்கி வச்சிருக்கா.”

“ஆமா, இருக்கிற வாய் பத்தாதுன்னு இன்னொரு வாயை விலைக்கு வாங்கியிருக்கா,” என்றாள் உமையாள். “நான் தினம் போய்ப் பார்த்துட்டுத்தான் வாரேன். புள்ளை தோக்குது, அழுகுது, சண்டை போடுது, சிரிக்குது. இங்கன இருந்தப்ப இதுல ஒண்ணாச்சும் செஞ்சுச்சா?”

“பின்னே நான் என்ன கெடுதலா செஞ்சேன்? ஊரே மெச்சுச்சே.”

“ஊரு மெச்சுச்சு. வண்டி வந்ததும் ஊரு ஏறிப் போயிருச்சு. புள்ளைதான் பெஞ்சுல கிடந்துச்சு.”

மறுநாள் கடையில் ஒருவர் மறுபடி கிழமையைக் கேட்டபோது கூத்தையா, “நாள்காட்டி சுவத்துல தொங்குது, பார்த்துக்கங்க,” என்றார். “அதுல நான் பொறந்த வருஷம் இல்லையேப்பா?” என்றார் அவர். “அப்பப் பொறக்கலைன்னு வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுக் கடையை அடைத்துவிட்டு நடந்தார்.

முத்தழகு கடற்கரையில் வலை விரித்துக் காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கூத்தையா அவள் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

“அக்கா, இன்னொரு தடவை சோழியைப் போடு.”

“எதுக்கு?”

“எம் புள்ளை எப்ப வீட்டுக்கு வரும்? நான் என்ன செஞ்சா வரும்? அதை மட்டும் கேட்டுச் சொல்லு.”

“நீ என்ன செய்யலாம்னு இருக்கே?”

“இனிமே ஒருத்தருக்கும் கிழமை சொல்லச் சொல்ல மாட்டேன். அவ பகல் பூராவும் மஜீதா வீட்டுல கிடக்கட்டும். கல்லு விளையாடித் தோத்தாத் தோக்கட்டும். மண்டுன்னு சொன்னாச் சொல்லட்டும்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ராத்திரிச் சோத்துக்கு மட்டும் வந்தாப் போதும். அவ பல்லு விழுந்ததுகூட எனக்குத் தெரியலக்கா.”

முத்தழகு சேலை முடிச்சில் கை வைக்கவில்லை. கருவாட்டை இன்னொரு வரிசை புரட்டினாள்.

“போடுக்கா.”

“போட்டுப் பிரயோசனம் இல்ல, கூத்தையா.”

கூத்தையா மணலில் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஏன்? புள்ளை வரவே வராதா? சோழி அப்படியா சொல்லுது?”

“சோழி என்னத்தைச் சொல்லுச்சு? ‘நான் சொன்னா எங்கய்யா கேக்காது, நீங்க சொன்னாத்தான் கேக்கும்’னு அன்னைக்கு முருங்கை மரத்துல இருந்து கவுத்துப் போட்ட வள்ளம் வரைக்கும் ஒப்பிக்க வச்சுட்டுப் போன ஒம் மக, அடுத்து நான் என்ன சொல்லணும்னு இன்னும் வந்து சொல்லலியே!”